நாற்பத்தொன்றாவது எலி

விஞ்ஞானிகளில் பல ரகம் உண்டு. நட்சத்திரம் பார்ப்பவர்கள் மொட்டை மாடியோடு சரி; பாறை உடைப்பவர்கள் மலையோடு சரி. அவர்களால் வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரிய தொல்லை கிடையாது. இன்றைக்கு நான் உங்களுக்குக் காட்டப்போவது வேறொரு ரகம். மூளை அழற்சியை ஆராய்கிறவர். நோயெதிர்ப்பு என்று ஒரு படிப்பு இருக்கிறதாம், அதில் கரை கண்டவர். இவர் எல்லா வீட்டிலும் இருப்பார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஒருவர் வாய்த்துவிட்டால் போதும், அதற்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் வேறு யாரும் மூளையை உபயோகிக்க வேண்டியதில்லை.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். அவர் இருக்கும் இடத்தில் 'மூளை வீக்கம்' என்று சொல்லிப் பாருங்கள். அந்தக் கோடியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாலும் சரி, வாயில் சோறு இருந்தாலும் சரி, நாற்காலியிலே சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாலும் சரி, "வீக்கம் வேற, அழற்சி வேற" என்று ஒரு குரல் வரும். குரலுக்குப் பின்னால் ஒரு பேனா வரும். பேனா வந்ததும் காகிதம் தேடுவார். மருந்துச் சீட்டின் முதுகு, மின்சார ரசீது, கல்யாணப் பத்திரிகை, எது அகப்பட்டாலும் அதில் ஒரு வட்டம் போடுவார். அதுதான் மூளை. சுற்றிலும் புள்ளி வைப்பார். அவைதான் காவல்காரர்கள்.

"பாருங்க மாமா, உடம்புக்குள்ள காவல்காரன் இருக்கான். திருடன் வந்தா அடிக்கணும். சில சமயம் புத்தி தடுமாறி, வீட்டுக்காரனையே திருடன்னு நெனச்சு அடிச்சுப்புடுறான். அதான் நான் பாக்குற நோய்."

இருபத்தெட்டு வருஷமாக அதே காவல்காரன், அதே வீட்டுக்காரன், அதே அடி. நிஜப் போலீசாக இருந்திருந்தால் அந்தக் காவல்காரன் இந்நேரம் பணி ஓய்வு பெற்றுப் பேரன் பேத்தியோடு உட்கார்ந்திருப்பான்.

"சரி தம்பி, இதுக்கு மருந்து?"

"எலியில குணமாகுது மாமா."

"மனுஷனுக்கு?"

"இன்னும் ஆராயணும்."

இவர் என் தமக்கையின் மகன். குடும்பத்தில் அவருக்கு எலியார் என்று பெயர். நேரில் யாரும் சொல்வதில்லை; சொன்னாலும் அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், எந்த எலி என்றுதான் கேட்பார்.

உறவு முறையில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருடைய கொழுந்தன் யாருடைய ஓரகத்தியின் தம்பி என்று நான்கு தலைமுறைக்குக் கேளுங்கள், இம்மி பிசகாமல் சொல்வேன். எலியாருக்கோ சொந்தச் சித்தப்பா பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் விரலை மடக்கியும் கணக்கு வராது. ஆனால் அவருடைய ஆய்வகத்து வெள்ளெலிகளின் வம்சாவளியைக் கேட்டுப் பாருங்கள்! இன்ன கூண்டு எலியின் தாய் இன்னது, அதன் தாய் இன்னது, அது கப்பலில் வந்தது, அதன் பாட்டி இன்ன பல்கலைக்கழகம் என்று நாற்பது தலைமுறை ஒப்பிப்பார். எனக்கே பொறாமையாக இருந்தது. அப்புறம்தான் ஒரு சங்கதி தெரிந்தது. அந்த எலிகளுக்கு அண்ணன் தங்கையையே ஜோடி சேர்த்து வைக்கிறார்களாம், இருபது தலைமுறைக்கு மேலாக. எல்லாம் ஒரே அச்சாக இருக்க வேண்டுமாம். "அப்படின்னா மாமன் மச்சான் முறையே கிடையாதா?" என்றேன். "அதெல்லாம் இருந்தா கணக்கு கலங்கிடும் மாமா" என்றார். அன்றைக்கே எனக்குப் புரிந்தது, இந்த மனிதருக்கு உறவினர்கள் என்றால் கணக்கைக் கலக்குகிறவர்கள்.

இந்த ரகத்துக்கு எதிரிகள் இரண்டே பேர். ஒருவர் எதிர்முகாம்காரர். அவர் கறுப்பு எலி வைத்திருப்பவர். நோய்க்குக் காரணம் இன்ன அணு என்று இவர் சொன்னால், இல்லை, பக்கத்து அணு என்று சொல்பவர். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நாட்டில் இருவரும் சந்திப்பார்கள். எலியார் பத்து நிமிடம் பேச விமானத்தில் பதினைந்து மணி நேரம் போவார். பேசி முடித்ததும் எதிர்முகாம்காரர் எழுந்து, "எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்ல, ஒரு கருத்து" என்று ஆரம்பிப்பார். அந்தக் கருத்து வீட்டுக்கு வந்து ஆறு மாதம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது எதிரிக்கு முகம் கிடையாது. கட்டுரையை அச்சுக்கு அனுப்பினால் மூன்று பேர் பெயர் சொல்லாமல் படித்துக் கருத்துச் சொல்வார்களாம். முதலாமவர் நல்லவர், இரண்டாமவர் சுமார், மூன்றாமவர் ராட்சசர். எலியார் தெருவில் போகும்போது யாராவது முறைத்தால்கூட அந்த மூன்றாமவராக இருக்குமோ என்று திரும்பிப் பார்ப்பார். ஒரு தடவை நான், "தம்பி, நீ சொல்றது எனக்குப் புரியல" என்றேன். என்னையே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதற்கு அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் தமக்கைக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தது பெண், பன்னிரண்டு வருஷம் கழித்து இவர். மூத்தவள் நீதிமன்றத்தில் தட்டச்சர். அவள் விரல் ஓடினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். கணவர் போன பிறகு, பிள்ளையும் இல்லாததால், தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். எலியார் பட்டத்துக்கு எழுதிய முந்நூற்றுப் பத்துப் பக்கத்தையும் அடித்துக் கொடுத்தவள் அவள்தான். அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நன்றி சொல்லியிருக்கிறார். பேராசிரியருக்கு நன்றி, நுண்ணோக்கி தந்த கம்பெனிக்கு நன்றி, உயிர் நீத்த எலிகளுக்கு நன்றி. அந்த நன்றிப் பக்கத்தையும் அவள்தான் அடித்தாள்.

அறுபத்திரண்டாவது வயதில் அவளுக்கு ஏதோ ஆரம்பித்தது. டம்ளரில் தேநீர் எடுத்து வருவாள். திடீரென்று வலது கன்னம் ஒரு பக்கமாக இழுக்கும், வலது கை வெட்டும், டம்ளர் கீழே விழும். மூன்று விநாடிதான். என்ன ஆச்சு என்றால், "என்ன ஆச்சு?" என்று அவளே நம்மைத் திருப்பிக் கேட்பாள். முதல் டம்ளர் உடைந்தபோது எலியார் மேசையிலிருந்த மடிக்கணினியைத் தேநீர் படாமல் நகர்த்தி வைத்தார். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு நானும் எதிரில் இருந்தேன். என் செய்தித்தாளை நகர்த்தி வைத்தேன். இரண்டாவது டம்ளர் உடைந்தது. மூன்றாவதும் உடைந்ததும் எலியார் கடைக்குப் போனார். தானே போனார், அது பெரிய விஷயம். பிளாஸ்டிக் டம்ளர் ஆறு வாங்கி வந்து, "இனிமே உடையாது" என்று மேசையில் அடுக்கினார். ஆய்வகத்தில் எலிகள் தண்ணீர்க் குப்பியைத் தட்டி உடைத்தபோதும் இதையேதான் செய்தாராம்.

அப்புறம் மறதி வந்தது. குழாயைத் திறந்துவிட்டு மறந்தாள். அடுப்பை மறந்தாள். காலையில் பேசியதை மத்தியானம் மறந்தாள். மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைக்கிறாய் என்று எலியாரின் மனைவியோடு சண்டைக்குப் போனாள். அந்தப் பெண் பள்ளிக்கூட வாத்தியார், பொறுமைசாலி, நாத்தியைச் சொந்த அக்கா மாதிரி நினைப்பவள். அவளுக்கே பயம் வந்துவிட்டது. தெருக்கோடி மருத்துவரிடம் கூட்டிப்போனாள். வயசு, மனக் கவலை என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார் அவர்.

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்களேன்" என்றேன் நான்.

"எதுக்கு மாமா? மூளை சம்பந்தமா இந்த ஊர்ல என்னவிட யார் இருக்கா?" என்றார் எலியார்.

இதைக் கவனியுங்கள். நம் வீட்டில் ஒரு தச்சர் இருந்தால் நாற்காலி ஆடும் என்று கேலி பேசுகிறோம். நாற்காலி ஆடினால் இன்னொரு தச்சரைக் கூப்பிடலாம். நிபுணர் இருக்கிற வீட்டில் இன்னொரு நிபுணரை யார் கூப்பிடுவது? நான் பேசாமல் இருந்தேன். அவர் மனைவியும் பேசாமல் இருந்தாள். பாவம், ஒரு நாள் மட்டும் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"என்னங்க, நீங்களே ஒரு தடவ அக்காவ உக்கார வெச்சுப் பாக்கக் கூடாதா?"

"நான் பாக்கக் கூடாது."

"ஏன்?"

"அவ எங்க அக்கா. என் கண்ணு ஒரு பக்கமா சாஞ்சிடும்."

இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்பீர்கள். கூத்து இல்லை, அவர்கள் தொழிலின் சட்டம். சில எலிகளுக்கு நோய் வரும் ஊசி போடுவார்கள். சில எலிகளுக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்த எலிக்கு முகம் இழுக்கிறது, எத்தனை தடவை இழுக்கிறது என்று ஒருவர் உட்கார்ந்து எண்ண வேண்டும். எண்ணுகிறவருக்கு எது எந்த எலி என்று தெரியக் கூடாது. தெரிந்தால் ஆசைப்பட்டதையே கண் பார்க்கும். நல்ல சட்டம்தான். எலிக்கு நல்ல சட்டம். அதை எடுத்து வந்து கூடப் பிறந்தவளுக்குப் போட்டார் பாருங்கள், அதற்குத்தான் இருபத்தெட்டு வருஷப் படிப்பு வேண்டும்.

"பத்து நிமிஷம் போன்ல வீடியோ எடு. நான் பாக்க மாட்டேன். லேப்ல வேற யாராவது ஒரு நம்பர் போட்டு வரிசையில சேக்கட்டும். என்ன நம்பர்னும் எனக்குச் சொல்ல வேணாம்" என்று உத்தரவு போட்டார். அவளும் எடுத்துக் கொடுத்தாள். வரிசையில் முன்னால் நாற்பது எலிகள் இருந்தன. எலியாரின் அக்கா நாற்பத்தொன்று.

எலிகள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கலாம். மனுஷி காத்திருக்க முடியுமா? ஒரு நாள் அடுப்பங்கரைத் துணி பற்றி எரிந்தது. வாத்தியாரம்மா ஓடி வந்து அணைத்ததால் வீடு தப்பியது. பகலில் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள், தனியாக விட முடியாது. மறதிக்காரர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம் ஒன்றில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை கொண்டுபோய் விட வேண்டும். உள்ளே போனவர்கள் திரும்பி வருகிற இடம் இல்லை அது. கதவுக்கு வெளிப்பக்கம்தான் பூட்டு. எலியார் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். 'நோயின் பெயர்' என்று கேட்டிருந்த இடத்தில் 'வயது' என்று எழுதினார். அக்காள் ஒரு சின்னப் பெட்டியில் துணியை எடுத்து வைத்தாள். எடுத்து வைத்ததை மறந்து மறுபடி வெளியே எடுத்து மடித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். "எங்க போறேன் மாமா?" என்றாள். "சும்மா, நாலு நாள்" என்றேன்.

வெள்ளிக்கிழமை ஆய்வகத்தில் நடந்ததை எனக்குச் சொன்னது கூண்டம்மா. எலிக் கூண்டுகளைக் கழுவித் துடைக்கிற அம்மாள். பத்தொன்பது வருஷமாக அங்கே இருக்கிறார். பட்டம் வாங்கிய பிள்ளைகள் எண்ணுவதைவிட அவர் கண் கூர்மை என்று கண்டுபிடித்து, எண்ணுகிற வேலையையும் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்கள். அச்சில் வரும் கட்டுரைகளில் அவர் பெயர் மட்டும் வராது. கூண்டு கழுவுகிறவர் எண்ணினார் என்று போட்டால் அந்த மூன்றாமவர் என்ன சொல்வார்?

அன்றைக்குக் கூண்டம்மா நாற்பதாவது எலியை முடித்துவிட்டு, நாற்பத்தொன்றைத் திறந்தார். எலி இல்லை. ஒரு சமையலறை. ஓர் அம்மாள் பிளாஸ்டிக் டம்ளரில் தேநீர் ஊற்றுகிறார். "அக்கா, மெதுவா" என்று ஒரு பெண் குரல். பின்னால் சுவரில், விருது வாங்கிக்கொண்டு எலியார் சிரிக்கிற படம். வேறு யாராவதாக இருந்தால் தப்பாக வந்துவிட்டது என்று மூடியிருப்பார்கள். கூண்டம்மாவுக்கு எண்ணித்தான் பழக்கம். எண்ணினார். வலது கன்னம், வலது கை, மூன்று விநாடி. ஒன்று. மறுபடியும். இரண்டு. பத்து நிமிடத்தில் ஒன்பது. தாளில் எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு நேரே எலியாரின் கூட்டம் நடக்கிற அறைக்குப் போனார். எலியார் தாளை வாங்கினார். விரல் கீழே ஓடி, நாற்பத்தொன்றில் நின்றது. எழுந்தே விட்டாராம்.

"ஒம்பது! முகமும் கையும் ஒரே பக்கமா? நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன் சார்."

"இருபத்தெட்டு வருஷமா இந்த எலியத்தான் தேடிக்கிட்டிருக்கேன்! இதுக்கு மேல சாட்சியே வேணாம். காவல்காரன் மூளைய அடிக்கிறான், சந்தேகமே இல்ல. ஒரு நாள்கூட தள்ளக் கூடாது, உடனே மருந்துல போடுங்க. எந்தக் கூண்டு?"

"கூண்டு இல்ல சார். உங்க வீட்டுச் சமையலறை."

எலியார் தாளைப் பார்த்தார், கூண்டம்மாவைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு இந்த ரகம் என்ன செய்யுமோ அதைச் செய்தார்.

"ஆனா... ஒரே ஒரு ஆள வெச்சு ஒண்ணும் சொல்ல..."

"சார்," என்றார் கூண்டம்மா, "வண்டிய எடுங்க."

பத்தொன்பது வருஷத்தில் அவர் எலியாருக்குப் போட்ட முதல் உத்தரவு. எலியார் வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்து அக்காவையும் வாத்தியாரம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு சின்ன வயது டாக்டர் பெண். நோயாளியை உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தபடியே முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒரு தடவை இழுத்தது. இன்னொரு தடவை இழுத்தது. அவ்வளவுதான், பேனாவை எடுத்துவிட்டார்.

"எத்தன நாளா இப்படி?"

"மூணு மாசம்" என்றாள் வாத்தியாரம்மா.

"வீட்ல யாரும் கவனிக்கலையா?"

நான் கூரையைப் பார்த்தேன். எலியார் தரையைப் பார்த்தார். வாத்தியாரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் யாரென்று அந்த டாக்டருக்குத் தெரியாது. படிக்காத மனிதர் பயந்து போயிருக்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் வந்து தோளைத் தொட்டு, "பயப்படாதீங்க அய்யா, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். நம்ம உடம்புல காவல்காரன் மாதிரி ஒண்ணு இருக்கு. அது வெளியாள்னு நெனச்சு மூளையையே அடிக்குது. அதனால மூளை வீங்கி..." என்றார்.

எலியார் வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீக்கம் வேற, அழற்சி வேற என்று இதோ வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. "ஆமாங்க டாக்டர்" என்றார்.

அன்றைக்கே நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். இரத்தம் சோதனைக்குப் போய், டாக்டர் சொன்னதுதான் என்று வந்தது. நான்காம் நாள் முகம் இழுப்பது நின்றது. திங்கட்கிழமை காப்பகத்திலிருந்து போன் வந்தபோது வாத்தியாரம்மாவே எடுத்து, "வரல" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டாள். ஞாபகம் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. அந்த மூன்று மாதம் மட்டும் திரும்பவே இல்லை. வீட்டுக்கு வந்த அன்று மேசையைப் பார்த்து, "இந்தப் பிளாஸ்டிக் டம்ளர யாரு வாங்குனது?" என்றாள் மூத்தவள்.

"நான்தான்கா" என்றார் எலியார்.

"கண்ணாடி டம்ளருக்கு என்ன வந்துச்சு?"

"உடஞ்சிடுச்சு."

"ஏன் உடஞ்சுது?"

எலியார் எழுந்து உள்ளே போனார். திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். உள்ளே போனவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து, 'அறுபத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவரிடம் காணப்பட்ட' என்று கட்டுரை எழுத ஆரம்பித்தார்.

கையால் திருத்தித் திருத்தி எழுதிய தாள்களை வழக்கம்போல அக்காவிடம் கொடுத்தார். டாக்டரும் விரலுக்குப் பயிற்சி நல்லது என்று சொல்லியிருந்தார். முதல் நாள் அரைப் பக்கம், பிறகு ஒரு பக்கம், பிறகு மழை. தன் நோயைத் தானே அடித்து முடித்தாள். எலியார் படங்களையும் அட்டவணைகளையும் மூன்று தடவை சரிபார்த்தார். முதல் பக்கத்தைப் பார்க்கவில்லை. அங்கே என்ன இருக்கப் போகிறது, அவருடைய பெயர்தானே?

அச்சாகி வந்த அன்று எதிர்முகாம்காரரிடமிருந்து வாழ்நாளில் முதல் தடவையாகப் பாராட்டுக் கடிதம் வந்தது. 'உங்களுடன் பணியாற்றும் அந்த முதல் ஆய்வாளரின் கூர்ந்த பார்வையை வியக்கிறேன். யார் அவர்?' என்று கேட்டிருந்தார். எலியார் அவசரமாக முதல் பக்கத்தைப் புரட்டினார். முதல் பெயர் கூண்டம்மாவுடையது. எலியாரின் பெயர் இரண்டாவதாக இருந்தது. நன்றி சொல்கிற இடத்தில் ஒரே வரி: 'ஆறு பிளாஸ்டிக் டம்ளர்கள் வாங்கித் தந்த தம்பிக்கு நன்றி.' மூன்றாமவர்கூட அதை விட்டுவிட்டார். அவரும் அட்டவணையைத்தான் பார்த்திருப்பார்.

"அக்கா, என்ன இது?" என்று தாளை நீட்டிக்கொண்டு வந்தார்.

"நீ பாக்கலையா?" என்றாள் அவள்.

இப்போது கூண்டம்மா வாரம் ஒரு தடவை அந்த வீட்டுக்கு வந்து மூத்தவளோடு தேநீர் குடிக்கிறார், கண்ணாடி டம்ளரில். எலியாரும் கூட உட்காருகிறார். அக்காவின் முகத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிடம் பார்க்கிறார், இரண்டு நிமிடம் பார்க்கிறார். பிறகு சட்டைப் பையில் பேனாவைத் தேடுகிறார்.

இந்த ரகத்தை நீங்கள் ஆய்வகத்தில் மட்டும்தான் தேடுவீர்கள், எனக்குத் தெரியும். 'நமக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம், நாம் உண்டு, நம் வேலை உண்டு' என்று நினைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் சிரித்துக்கொண்டே படித்திருப்பீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதே, அப்போது நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்களா, அல்லது நனையாமல் புத்தகத்தை நகர்த்தி வைத்தீர்களா?